எங்கள் லயம் ஒரு வீடு அல்ல

மகனுக்கு,

நீ மேசையில் வைத்துவிட்டுப் போன தாளில் நான் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கப்போவதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ வேலைக்கு நடுவில் படிப்பவன், கடைசி வரை படிக்க உனக்குப் பொறுமை இருக்குமோ என்னவோ. "போன்ல பேசாதீங்கப்பா" என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். போனில் பேசினால் யாராவது கேட்பார்கள் என்று, மற்றவர்களைக் கண்காணிக்கிற சாமானைச் செய்கிற நீயே பயப்படுகிறாய். எனக்கு ஒளித்துப் பேச ஒன்றும் இல்லை. அதனால் உனக்கு அனுப்புகிற அன்றே பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். உன் பெயரை எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. இந்த மலையிலிருந்து உன்னைப்போல் படித்துக் கொழும்புக்குப் போன பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

உனக்குத் தெரிந்த கதையையே திரும்பவும் சொல்லப்போகிறேன். மற்றவர்களுக்கு விளங்க வேண்டும் என்பது ஒரு காரணம். உனக்கும் அதை யாராவது முழுதாகச் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு காரணம். நீ வேலை செய்கிற கம்பெனி பொலிசுக்கு ஒரு பெரிய கம்பியூட்டர் ஏற்பாட்டைச் செய்து கொடுத்திருக்கிறது. ஒரு தீபாவளிக்கு வந்தபோது அடுப்படியில் குந்திக்கொண்டு அதை எனக்கு விளக்கினாய். அடையாள அட்டை விவரம், போன் விவரம், வாகனம், பழைய வழக்கு, யார் யாரோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்பது, எல்லாம் வேறு வேறு காரியாலயங்களில் சும்மா கிடந்தன. அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், "குத்தம் நடக்கிறதுக்கு முந்தியே எங்க நடக்கும், யாரால நடக்கும்னு சொல்லிரலாம்பா" என்றாய். நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உயிரோடு இருந்திருந்தால் மிளகாயை எடுத்து உனக்குச் சுற்றிப் போட்டிருப்பாள். மறுநாள் கொட்டகலைக் கடைத்தெருவில் தேத்தண்ணிக் கடையில் நின்று, என் மகன் பொலிசுக்கே மூளை செய்து கொடுக்கிறான் என்று பெருமை பேசினேன். "அப்ப இனிமே கசிப்புச் சாராயம் காய்ச்சிறவனுக எல்லாம் கோயிலுக்கு மாலை கட்டப் போக வேண்டியதுதான்" என்று கடைக்காரர் சிரித்தார். இப்போது அந்தக் கடைப் பக்கம் நான் போவதில்லை.

அந்த ஏற்பாடு வந்த பிறகு முதலில் எங்கள் தோட்டப் பிரிவுப் பையன்களைத்தான் நிறுத்தினார்கள். கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளை பஸ்ஸிலிருந்து இறக்கி, அடையாள அட்டையைப் போன் மாதிரி ஒரு கருவியில் காட்டிவிட்டு ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அதே பஸ்ஸில் வந்த டயகமப் பக்கத்துப் பிள்ளைகள் ஏறிப் போய்விடுவார்கள், எங்கள் பிள்ளைகள் மட்டும் நிற்பார்கள். எங்களுக்குக் காரணம் புரியவில்லை. எதைச் செய்தாலும் நம்மைத்தானே முதலில் பிடிப்பார்கள் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் கண் கிளினிக்குக்கு நுவரெலியா போகும்போது என்னையும் இறக்கினார்கள். உன்னைவிடச் சின்னவனாக ஒரு பொலிஸ்காரன். கருவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் கருவியைப் பார்த்தான். அவனுக்கே வெட்கமாகிவிட்டது. "சீயா, கொஞ்சம் இருங்க, சேர்கிட்ட கேட்டுட்டு வாறேன்" என்றான். தாத்தா என்று கூப்பிடுகிறான், ஆனால் அட்டையைத் திருப்பித் தரவில்லை. என்ன குற்றம் என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது சீயா. செவப்பு காட்டினா நிறுத்தச் சொல்லியிருக்காங்க" என்றான். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது, கிளினிக்கும் போய்விட்டது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டு, நான் என்ன செய்தேன் என்று என் வாழ்க்கை முழுவதையும் தேடிப் பார்த்தேன். ஒரு காரணமும் இல்லாமல் ஒரு மனிதனை அப்படித் தேட வைப்பதே ஒரு தண்டனை. அதை நீ எந்தக் கணக்கில் சேர்த்தாய் என்று எனக்குத் தெரியாது.

பிறகுதான் யோகராணியின் விஷயம் வந்தது. அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருப்பவள், உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், உனக்குக் கணக்கு வராத காலத்தில் அவளுடைய கொப்பியைப் பார்த்துத்தான் நீ எழுதினாய். புருஷன் செத்த பிறகு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு வெளிநாடு போக எல்லாம் முடித்துவிட்டாள். பாஸ்போர்ட் வந்தது, மெடிக்கல் முடிந்தது. பொலிஸ் ரிப்போர்ட் மட்டும் 'மேலதிக விசாரணை' என்று நின்றது. "மாமா, நான் யாரையாச்சும் ஒரு வார்த்த ஏசியிருக்கேனா? எனக்கு என்ன மாமா விசாரணை?" என்று வந்து அழுதாள். அவளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் பொலிசுக்குப் போனேன். என் சிங்களம் பஸ் பலகையையும் மளிகைக் கடையில் சுற்றித் தருகிற பழைய பேப்பரையும் வாசித்து நானாகப் பழகியது. இலக்கணம் இருக்காது, பயமும் இருக்காது.

கவுண்டரில் இருந்தவர் தமிழும் பேசினார். திரையைப் பார்த்துக்கொண்டே, "இந்தப் பொண்ணு வீட்டுல குடு போதைத்தூள் கேஸ்ல பிடிபட்ட ஆள் இருக்கு. கசிப்பு கேஸ் இருக்கு. கத்திக்குத்தும் இருக்கு" என்றார்.

யோகராணிக்கு அழுகை நின்றுவிட்டது. "என் வீட்டுல நானும் புள்ளைகளும் ஒரு பூனையும்தான் சேர் இருக்கோம்" என்றாள்.

"பொய் சொல்ல வேணாம் தங்கச்சி. இதுல நூத்துக்கணக்கில ஆள் காட்டுது."

"அதுல என் பேரு இருக்கா பாருங்க" என்று என் அட்டையை நீட்டினேன்.

இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"அது வீடு இல்ல சேர், தோட்டம். எங்க எல்லாருக்கும் ஒரே விலாசம்தான். கதவுக்கு நம்பர் கெடையாது. நம்பிக்கை இல்லாட்டி வந்து அடுப்ப எண்ணிப் பாருங்க. ஒவ்வொரு அடுப்புலயும் ஒங்களுக்குத் தேத்தண்ணி ஊத்துறோம், எத்தனைய குடிப்பீங்கன்னு பாப்போம்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு திரையை விரலால் தட்டினார். "எனக்கு வெளங்குது ஐயா. இதுக்கு வெளங்காதே. மாத்துறதுக்கு எனக்கு அனுமதி இல்ல. யாருக்கு எழுதிக் கேக்கணும்னும் எனக்குச் சொல்லித் தரல்ல."

நாங்கள் திரும்பி வந்தோம். ஏஜென்சிக்காரன் சில வாரம் பார்த்துவிட்டு யோகராணியின் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டான். அவள் திரும்பவும் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறாள்.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன். "ஒரே விலாசம்னா ஒரே வீடுன்னு எந்த மடையன்டா சொன்னது?" என்று கேட்டேன். "நான் வாறேன்பா, போன்ல வேணாம்" என்றாய். பல மாதம் வராதவன் அந்த வாரமே வந்தாய். கோயிலடியில் காரை நிறுத்திவிட்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நடந்து வந்தாய். நான் கேட்டதையும் நீ சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து.

"அந்த முடிவு எடுத்தப்ப நீ அந்த மேசையில இருந்தியா?"

"இருந்தேம்பா."

"தப்புன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன வாயில என்ன, கொழுக்கட்டையா?"

நீ தரையைப் பார்த்தாய். "சொன்னா, ஒனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாங்கப்பா. என் ஊரு கண்டி டவுன்னுதான் நான் அங்க சொல்லி வச்சிருக்கேன்."

மகனே, எத்தனையோ கோபங்களை நான் பார்த்தவன். தோட்ட நிர்வாகத்தின்மேல், ஓட்டு வாங்கிப் போனவர்கள்மேல், தொழிற்சங்கத்தின்மேல், வயதான பிறகு கடவுள்மேலும்கூட எனக்குக் கோபம் உண்டு. அன்று வந்தது கோபம் இல்லை. அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. கொழும்புப் பிள்ளைகளுக்கு லயம் தெரியாது. அவர்கள் ஊரில் ஒரு விலாசம் என்றால் ஒரு கேட், ஒரு மணி, ஒரு நாய். அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. அந்த மேசையில் லயம் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அவனுக்குக் கஞ்சி ஊற்றி, பாடப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, மழையில் சாக்கைத் தலையில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது இந்தப் பிரிவு. அவன் வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

ஒரே விலாசம் என்ன செய்யும் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம். உனக்கு எப்படித் தெரியாமல் போகும்? உன் கம்பஸ் அனுமதிக் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, உன் பெயரும் முதலெழுத்தும் அப்படியே உள்ள கீழ் லயத்துப் பையன் வீட்டுக்குப் போய்விட்டதை மறந்துவிட்டாயா? அவர்களுக்கு இங்கிலிஷ் தெரியாது, ஏதோ கடன் கடிதம் என்று பயந்து கூரைத் தகரத்துக்குள் செருகிவிட்டார்கள். பதியவேண்டிய கடைசி நாள் நெருங்கியபோது அம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனாள். "எம்புள்ள பேருக்கு ஏதாச்சும் வந்திச்சா, எம்புள்ள பேருக்கு ஏதாச்சும் வந்திச்சா" என்று கேட்டுக்கேட்டுத் தொண்டை கட்டிப்போனது. அன்று அவள் தட்டிய கதவுகளைத்தான் உங்கள் கம்பியூட்டர் ஒரே கதவு என்கிறது.

அதன் பிறகு நீ பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாய். என் இருப்பிடத்தைக் கொழும்பில் உன் பிளட் வீட்டுக்கு மாற்றுகிற விண்ணப்பம், எல்லாம் நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. "வச்சிருங்கப்பா. ஒங்க பேரு இந்த வீட்டுல இருந்து வெளிய வந்துரும். அப்புறம் யாரும் ஒங்கள நிறுத்த மாட்டாங்க" என்றாய். மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். "மொதல்ல நீங்க. அப்புறம் பாப்போம்" என்றாய். நான் விடவில்லை. அப்போதுதான் உண்மை வந்தது. உன் கம்பெனியிலும் வேலைக்காரர்களின் குடும்பத்தைச் சோதிக்கப் போகிறார்கள். தகப்பன் சிவப்பு வீட்டில் இருந்தால் மகனுக்கு அந்த வேலை இல்லை. நீ செய்து கொடுத்த கருவி உன்னையே தேடிக்கொண்டு மலை ஏறி வருகிறது. நான் கையெழுத்து வைத்தால் நீ தப்புவாய், நானும் தப்புவேன். யோகராணி நிற்பாள்.

நீ சொன்ன நியாயத்தையும் நான் மறைக்கவில்லை. காணாமல்போன ஒரு பெண்பிள்ளையை உங்கள் ஏற்பாட்டால் கண்டுபிடித்ததாகச் சொன்னாய். சந்தோஷம். குடு விற்கிறவனைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பின் லயத்தில் அதனால் நாசமாய்ப்போன பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். "மனுசன்தாம்பா தமிழன், தோட்டத்தான்னு பாப்பான், மிஷின் பாக்காது" என்றாய். அதைத்தான் நான் இரவெல்லாம் யோசித்தேன். மிஷின் பார்க்காது, உண்மைதான். ஆனால் இந்த நாட்டில் யாருக்குக் கதவு நம்பர் இல்லை? தோட்டத்தானுக்குத்தான் இல்லை. நம்பர் தராமல் விட்டது ஒரு காலம். நம்பர் இல்லாததையே குற்றமாக்கியது இந்தக் காலம். என் தகப்பன் காலத்தில் நாம் எந்த ஏட்டிலும் இல்லை, நாடற்றவர்கள் என்றார்கள். பிரஜாவுரிமைக்காக வரிசையில் நின்று நின்று கடைசியில் நம் பெயரை ஏற்றினோம். இப்போது எல்லா ஏட்டிலும் இருக்கிறோம், அள்ளிப் போட்ட கொழுந்து மாதிரிக் குவியலாக.

நான் பெக்டரியில் வேலை செய்த காலத்தில் ஒருமுறை தேயிலை காணாமல் போனது. எடுத்தவன் யார் என்று தெரியாததால் தோட்டத்தை நிர்வகித்த அன்றைய தொரை எங்கள் லயம் முழுவதற்கும் வேலையை நிறுத்தினார். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அவர் முன்னால் போய் நின்று, "எடுத்தவன் பேரச் சொல்லுங்க தொரை, நானே பிடிச்சுத் தாறேன். பேரு தெரியாட்டி எங்க எல்லாரையும் ஏன் பட்டினி போடுறீங்க?" என்று கேட்டேன். அவர் கத்தினார், நான் நகரவில்லை. நீ அப்போது கைப்பிள்ளை. அம்மா என் சட்டையைப் பின்னால் இருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் வேலை கொடுத்தார்கள். அந்த மனிதர் நல்லவர் இல்லை. ஆனால் நான் கேட்டபோது அவர் முகம் சிவந்தது, பதில் தேடியது, வெட்கப்பட்டது. உங்கள் கம்பியூட்டரிடம் நான் எந்தக் களத்தில் போய் நிற்பது? கோர்ட்டில் ஒரு திருடனுக்குக்கூட என்ன குற்றம் என்று வாசித்துக் காட்டுகிறார்கள், சாட்சி சொன்னவனைக் குறுக்கே கேட்க விடுகிறார்கள். எங்களுக்கு வழக்கு இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு சொன்ன ஆளும் இல்லை, தண்டனை மட்டும் இருக்கிறது. இதைச் சட்டம் என்று சொல்ல நான் எந்தப் புத்தகத்தில் படிக்க வேண்டும் என்று நீயே சொல். ஹட்டனில் கிடைத்த சட்டப் புத்தகங்களையெல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்துவிட்டேன். அவற்றில் இல்லை.

அதனால் நான் செய்கிறதைக் கேள். எங்களை எந்த விதியால் ஒரே வீடு ஆக்கினார்கள், அதை முடிவு செய்தது யார், திருத்தச் சொல்லி யாரிடம் போவது என்று எழுதித் தகவல் கேட்டிருக்கிறேன். மனித உரிமைக் காரியாலயத்துக்கு எங்கள் பிரிவின் முறைப்பாடும் போகிறது. என்னோடு யோகராணி கையெழுத்து வைத்திருக்கிறாள். பின் லயத்தில் ஜெயிலுக்குப் போய்வந்த பையனின் தாயும் வைத்திருக்கிறாள். "எம்மவன் செஞ்சதுக்கு எம்மவன் போனான், ஊரு எதுக்குப் போகணும்" என்று அவள்தான் முதலில் பேனாவை வாங்கினாள். விசாரணைக்குக் கூப்பிட்டு, இந்த ஏற்பாட்டைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன். என் மகன் சொன்னான், அவனும் அந்த மேசையில் இருந்தான் என்பேன். அதற்கு முன்னால் நீயே உன் ஆட்களிடம் போய், நான் அந்த விலாசத்தில் பிறந்தவன், நாம் பிழை செய்துவிட்டோம் என்று சொல்லிவிட்டால் அது உன் வாயால் வந்ததாக இருக்கும். என் வாயால் வந்தால் உனக்கு அது வேறு மாதிரி முடியும். இதை மிரட்டல் என்று எடுத்தாலும் சரி, தகப்பன் தருகிற தவணை என்று எடுத்தாலும் சரி. வேலை போனால் வீட்டுக்கு வா. இங்கே உன் கட்டில் இருக்கிறது.

வரமாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். அன்று நீ சாப்பிடாமல் போனபோது நான் தடுக்கவில்லை. ரொட்டியை மூடி வைத்தேன், காலையில் அதையே நான் சாப்பிட்டேன். அம்மா போன பிறகு இந்தக் காம்பராவில் பேச்சு என்றால் ரேடியோவும் யோகராணியின் பிள்ளைகள் சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் சொல்கிற சத்தமும்தான். நீ போன் எடுக்கிற ஞாயிற்றுக்கிழமையும் இனி இல்லாமல் போகலாம். யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். உன் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு பிரிவின் சனத்தை ரோட்டில் நிற்கவைக்க என்னால் முடியாது.

முறைப்பாட்டோடு சேர்த்து அனுப்ப, இது ஒரே வீடு இல்லை என்று காட்டுவதற்காக, ஒவ்வொரு காம்பராவும் தன் வீட்டில் இருப்பவர்களை எழுதித் தர வேண்டும் என்று நானே எல்லாருக்கும் சொன்னேன். எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், கடைசியாக என்னுடையது. உன் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ உன் பதிவை இங்கிருந்து எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பொய்யை எழுதிவிட்டு நியாயம் கேட்க முடியாது. வீட்டில் உள்ளவர்கள் என்ற இடத்தில், ஒருவர் என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்பா